மாந்தோப்பில் இறங்கிய பெட்டி

பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். இயற்பியல் படித்த பெண்கள் அங்கே இரண்டு பேர்தான் இருந்தோம். மற்றவள் சீக்கிரமே கல்யாணமாகிப் போய்விட்டாள். வானத்துக்கு அப்பாலிருந்து ஓயாமல் பூமியின்மேல் விழுந்துகொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்களைத்தான் எங்கள் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. கதிர் என்று பெயரே தவிர, அவை கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். எங்கிருந்து வருகின்றன என்று அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. காற்றில் மோதிச் சிதறுவதற்கு முன் அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் மேலே போக வேண்டும். அதற்காக ரப்பர் பலூன்களைக் கொத்தாகக் கட்டி, ஹைட்ரஜன் நிரப்பி, அடியில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு அனுப்புவோம். பெட்டிக்குள் கறுப்புக் காகிதம் சுற்றிய புகைப்படத் தகடுகள் இருக்கும். போகும் உயரத்தைக் குறித்துக்கொள்ள ஒரு கடிகாரக் கருவியும் இருக்கும். உச்சிக்குப் போனதும் பலூன்கள் வெடிக்கும். பெட்டி வெள்ளைப் பாராசூட்டில் எங்காவது வந்து இறங்கும். தகடுகளைத் துகள்கள் துளைத்துப் போன தடங்களை மைக்ராஸ்கோப்பில் தேடுவதுதான் என் வேலை.

விழுந்த பெட்டியைத் தேடிப் போவது ஆண்களின் வேலையாக இருந்தது. ஆனால் காற்று பெரும்பாலும் பெட்டிகளைக் கிழக்கே, ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. எங்கள் குழுத் தலைவர் வங்காளி. ஊருக்குள் போய் அவர் இங்கிலீஷில் கேட்டால் ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் கிருஷ்ணகிரிக்காரி. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவள். ஆகவே ஒருநாள் அவர் என்னையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு தேடலுக்கும் நானும் போனேன்.

ஒரு சித்திரை மாத அமாவாசையன்று விட்ட பலூன் ஓசூரைத் தாண்டியதும் மேகத்துக்குள் மறைந்துவிட்டது. தொலைநோக்கியில் அதன்பின் அது தென்படவே இல்லை. அன்றைக்கும் மறுநாளும் சூளகிரி, பர்கூர் என்று சுற்றி வெறுங்கையோடு திரும்பினோம். தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெயிலில் கிடந்தால் தகடுகளில் பதிந்ததெல்லாம் அழிந்துவிடும். மூன்றாம் நாள் வேப்பனப்பள்ளியில் ஒரு டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினோம். டிரைவர் ஓசூர்க்காரர், எல்லோருக்கும் அவர் பாய்தான். கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்தவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஒரு மாந்தோப்புல எறங்கியிருக்குதும்மா. அமாவாசையன்னிக்கு வெள்ளத் துணி விரிச்சிக்கினு வந்துச்சாம். ஆனா தோப்புக்காரரு ஊட்டுக்குப் போறதுன்னா கொஞ்சம் பாத்துப் போங்கன்றாங்க."

"ஏன் பாய்?"

"அந்த ஊட்டு மருமகதான் வெச்சிருக்குதாம். யாரையும் தொட உடலியாம்."

அந்த ஊர் மாநில எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மேட்டில் ஏறி நின்றால் அந்தப் பக்கம் மைசூர் ராஜ்ஜியத்துக் குன்றுகள் தெரியும். மாமரங்களில் காய் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் கொள்ளு காயப்போட்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தார். தெலுங்கில் ஆரம்பித்து, நான் தமிழில் பதில் சொன்னதும் தமிழுக்கு மாறினார்.

"எடுத்துக்கினு போங்கம்மா. அது வந்ததுலயிருந்து அவ சோறு தண்ணி சரியா எடுக்கல."

அவருடைய ஒரே மகன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. ரொம்ப ஆழத்தில் பாறை சிலசமயம் தானாக வெடிக்கும். மேலே உள்ள மலையின் பாரம் தாங்காமல் நடப்பது அது. அப்படி ஒருநாள் வெடித்ததில் அவன் இருந்த சுரங்கப்பாதை அடைபட்டுப் போயிற்று. பல நாள் தோண்டிப் பார்த்தார்கள். மேலும் மேலும் பாறை சரிந்ததால் கடைசியில் அந்தப் பாதையைச் சுவர் வைத்து மூடிவிட்டார்கள். உடல் வரவில்லை.

"நாங்க காரியம் பண்ணிடலாம்னோம். அவ ஒத்துக்கல. செத்தத யார் பாத்தீங்க, ஆளு வெளிய வரட்டும், பாத்துட்டுப் பண்ணலாம்னு சொல்லிட்டா. ரெண்டு வருசமாச்சு." பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அமாவாசைக்குத் தோப்புல காக்காய்க்குச் சோறு வெக்கப் போயிருந்தேன். நான்தான் வெச்சேன், அவ வெக்க மாட்டா. தண்ணி பாய்ச்ச வந்தவ மேல பாத்துக்கினே நின்னா. அது நேரா அவ முன்னாடி எறங்குச்சும்மா."

தலைவரிடம் இதை இங்கிலீஷில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நீ மட்டும் உள்ளே போ" என்றார்.

கேழ்வரகு மூட்டைகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. மூட்டைகளுக்கு நடுவே எங்கள் பெட்டியை வைத்து, பாராசூட்டை நான்காக மடித்து அதன்மேல் போர்த்தியிருந்தாள். தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல அத்தனை ஒழுங்காக இருந்தது. அருகே ஒரு சொம்பில் தண்ணீர்.

நான் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாளே தவிர எதுவும் கேட்கவில்லை.

"இது எங்களுதும்மா. பெங்களூர்லயிருந்து விட்டோம்."

"தெரியும்க்கா. மேல எழுதி ஒட்டியிருக்குதே, படிச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று மொழியிலும் அச்சடித்த சீட்டை நாங்கள்தான் ஒட்டியிருந்தோம். அவள் படித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்புறம் ஏன் வெச்சிருக்கீங்க?"

"உள்ள சத்தம் கேட்டுச்சு. டிக்கு டிக்குனு. காதை வெச்சிக்கினே இருந்தேன். நேத்து மத்தியானம் நின்னுபோச்சு." சொம்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "அவங்களையும் அப்டித்தான் சொன்னாங்க. மொத நாளு உள்ளயிருந்து பாறையத் தட்டுற சத்தம் கேட்டுச்சாம். மறுநாளு நின்னுபோச்சாம்."

அறைக்கு வெளியே ஆடு ஒன்று கத்திக்கொண்டிருந்தது. கடிகாரம்தான் அது, சாவி தீர்ந்து நின்றுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவள் அதை அப்படியே விட்டுவிட்டு, வேறு எதையோ சொல்லத் தொடங்கினேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னேன். மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத பொடி விழுந்துகொண்டே இருக்கிறது, கூரை, சுவர், நம் உடம்பு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகிறது, அது போன தடத்தைப் பிடிக்கத்தான் இந்தத் தகடுகள் என்றேன். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பவும் போவுதா?"

"இப்பவும் போகுது."

"மண்ணுக்குள்ள?"

"போகும். ஆழமாப் போகப் போகக் கொறையும்."

"எவ்வளவு ஆழம்க்கா?"

அவள் எங்கே வருகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பொய் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் குழு அதே சுரங்கத்தில்தான் அந்த ஆராய்ச்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. எவ்வளவு பாறையைத் துளைத்துக்கொண்டு அந்தத் துகள்கள் வர முடியும் என்பதை அளக்க, துகள் பட்டால் சத்தம் கொடுக்கும் கருவி ஒன்றைக் கீழே இறக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். இதற்கு முன் வேறு சுரங்கங்களில் இறக்கிப் பார்த்தவரை, ரொம்ப ஆழத்திலும் எப்போதாவது ஒன்று வந்து விழத்தான் செய்கிறது என்றேன்.

"அப்ப அவங்கமேலயும் விழும்."

நான் தலையசைத்தேன்.

அவள் எழுந்து பாராசூட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பெட்டியைத் தானே தூக்கி என் மடியில் வைத்தாள். "துணிய நான் வெச்சிக்கட்டுமா?" என்றாள். வைத்துக்கொள்ளச் சொன்னேன். வாசல்வரை வந்தவள், "அங்க எறங்கறப்ப எனக்குச் சொல்லி அனுப்புவீங்களாக்கா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

தகடுகளில் பாதி வெப்பத்தில் கெட்டிருந்தன. மீதிப் பாதியை நான் வாரக்கணக்கில் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் அந்தத் தடங்கள் கறுப்பு மணிகளைக் கோத்ததுபோல் தெரியும். சில இடங்களில் ஒரு துகள் அணுவை உடைத்து, ஒரே புள்ளியிலிருந்து கோடுகள் நாலா பக்கமும் சிதறியிருக்கும். அதற்கு நாங்கள் நட்சத்திரம் என்று பெயர் வைத்திருந்தோம். முன்பெல்லாம் நட்சத்திரம் கிடைத்தால் எழுந்துபோய்ப் பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அந்தத் தகடுகளில் கிடைத்தபோது யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. கோடுகள் தகட்டின் விளிம்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே அந்தத் துகள் எங்கே போயிற்று என்று என் மனம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. மரம், மண், பாறை, மூடிய சுவர், சுவருக்கு அந்தப் பக்கம். கண்ணை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாலும் அந்தச் சுவர்தான் தெரிந்தது. நான் பார்த்தே இராத சுவர்.

மழைக்காலம் முடிந்தபின் சுரங்கத்தில் வேலை ஆரம்பமாயிற்று. பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மேலே ஒரு தகரக் கொட்டகையில் இன்னொரு கருவியை வைத்து, அதை நான் பார்த்துக்கொள்வதென்று ஏற்பாடு. கீழே தலைவர் இருப்பார். கொட்டகைக்கும் கீழே அவர் இருக்கும் இடத்துக்கும் சுரங்கத்தின் தொலைபேசி உண்டு. வேப்பனப்பள்ளிப் பக்கம் போன பாயிடம் சொல்லியனுப்பினேன். அவள் வரமாட்டாள் என்றுதான் பாதி மனதுக்குத் தோன்றியது.

மாமனாரோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பச்சைப் புடவை, கையில் ஒரு தூக்குப் பாத்திரம். தலைவரிடம் முன்பே எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு ஷிப்ட் ஆட்கள் மேலே வந்து அடுத்த ஷிப்ட் இறங்குவதற்கு இடையில் நேரம் ஒதுக்கினார். அப்போதுதான் துளை போடும் இரைச்சல் இருக்காது. கருவியின் சத்தம் தொலைபேசியில் தெளிவாகக் கேட்கும்.

முதலில் கொட்டகையில் இருந்த கருவியைக் கேட்க வைத்தேன். தகரத்தில் மழை விழுவதுபோல் அது சடசடத்துக்கொண்டிருந்தது.

"இவ்ளோவா?" என்றாள்.

"மேல இவ்ளோ. கீழ ரொம்பக் கம்மி. பொறுமையா இருக்கணும்."

கூண்டு ஏறி வந்தது. ஆட்கள் தூசி படிந்த முகங்களோடு வெளியே வந்தார்கள். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசி ஆள் கடந்துபோகும்வரை பார்த்தாள். அந்த நேரம் முழுக்கப் பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைவரும் வழிகாட்டியாக ஒரு தொழிலாளியும் இறங்கினார்கள். அரைமணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. எல்லாம் தயார், ரிசீவரைக் கருவியின் பக்கத்தில் வைக்கிறேன் என்றார் தலைவர்.

அவளை முக்காலியில் உட்கார வைத்து ரிசீவரைக் காதில் கொடுத்தேன். மேலே இருந்த கருவியை நிறுத்திவிட்டேன். கொட்டகை அமைதியாயிற்று. நேரம் போயிற்று. அவள் உடம்பு அசையவே இல்லை. திடீரென்று அவள் கண் அகலமாக விரிந்ததில் ஒன்று விழுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். மறுபடி அமைதி. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அப்போது அவள் ரிசீவரின் வாயோரம் கையைக் குவித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதுபோல் மெல்லிய குரலில் கேட்டாள்.

"சாப்ட்டாச்சா?"

பெரியவர் சட்டென்று வெளியே போய்விட்டார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போலாம்க்கா" என்றாள்.

பஸ் நிற்கும் இடம்வரை அவர்களோடு நடந்தேன். வேப்பமர நிழலில் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, மாமனாருக்குக் களி எடுத்துக் கொடுத்தாள். தானும் சாப்பிட்டாள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் சொன்னாள்.

"மாமா, கேட்டேன். ஆச்சுன்னாங்க."

பெரியவரின் கை பாத்திரத்துக்குமேல் அப்படியே நின்றது. "யாரும்மா?"

"கீழயிருந்து. ஆச்சுன்னு சொன்னாங்க. ஊருக்குப் போயி காரியத்துக்கு நாள் பாருங்க."

தலைவர்தான் சொல்லியிருக்கிறார் என்று நான் நினைத்தேன். பெங்களூரில் எங்கள் மெஸ்ஸில் சமையல்காரம்மா அவரிடம் தினமும் சாப்ட்டாச்சா என்றுதான் கேட்பார். ஆச்சு என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழே அதுதான். அந்த இடத்தில் அவருக்கு அது தோன்றியதே என்று அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

அவர் மேலே வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது நன்றி சொன்னேன்.

"எதற்கு?"

"பதில் சொன்னீர்களே. ஆச்சு என்று."

அவர் புரியாமல் பார்த்தார். ரிசீவரைக் கருவிக்குப் பக்கத்தில் பலகைமேல் வைத்ததும், தங்கள் மூச்சு, பேச்சு எதுவும் அதில் விழுந்துவிடக் கூடாது என்று அவரும் வழிகாட்டியும் பாதையின் திருப்பத்துக்கு அப்பால் போய் உட்கார்ந்துவிட்டார்களாம். அவள் கேட்டதே அவருக்குத் தெரியாது. வழிகாட்டியும் அதையே சொன்னார். கீழே வேறு ஆட்களே கிடையாது என்றும் சொன்னார்.

சுரங்கத்தின் தொலைபேசி இணைப்புகளைப் பார்த்துக்கொண்டவரைப் போய்க் கேட்டேன். பழைய கம்பிகள், சிலசமயம் ஆபீஸ் பேச்சு இதில் கலக்கும் என்றார். அது சரியான காரணம். நான் இயற்பியல் படித்தவள். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகளில் ஒன்றின் பேச்சு மற்றதில் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியும். எங்கோ ஓர் அறையில் யாரோ யாரிடமோ சொன்ன ஒரு ஆச்சு, சரியாக அந்தக் கணத்தில் வந்து விழுந்திருக்கிறது. அதைத்தான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அன்று சாயங்காலம் பெங்களூர் திரும்பும் வழியில் தலைவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே வந்தார். ஒரு டீக்கடை வந்தபோது பாய் மட்டும், "டீ சாப்பிடலாமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த அமாவாசைக்குக் காரியம் முடிந்தது என்று பாய் வந்து சொன்னார். அதன்பிறகும் சுரங்கத்தில் எங்கள் அளவீடு மாதக்கணக்கில் நடந்தது. தலைவர் தனியாகக் கீழே இருப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒருநாள் கீழே பேட்டரி மாற்றும்போது ரிசீவர் எடுத்தபடியே இருந்தது. மேலே நான் அதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். மெல்லிய இரைச்சல், காற்றுப் போவதுபோல். அந்தக் கேள்வி என் நாக்கின் நுனிவரை வந்தது. யாராவது பதில் சொன்னால் என்ன செய்வேன் என்ற நினைப்பில் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தபோது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். போச்சம்பள்ளிப் பக்கம் பிறந்த வீட்டோடு வந்துவிட்டதாகவும், அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பதாகவும் சொன்னாள். உடம்பு தேறியிருந்தது. நெற்றியில் சின்னதாக விபூதி. மாமனார் மாம்பழக் காலத்தில் கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போவாராம்.

அன்றைய நாளைப் பற்றி அவளாகவே பேசினாள்.

"அது அவங்க கொரல் இல்லக்கா. எனக்குத் தெரியாதா? கேட்டவுடனே தெரிஞ்சிபோச்சு. யாரோ பெரியவரு கொரல், கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏன்…"

"கீழ வேலை செய்யற யாரோ ஒரு மனுசன். நான் கேக்கறது காதுல உழுந்து, பாவம்னு பதில் சொல்லியிருக்காரு. அந்த எடத்துல ஆளுங்க இருக்காங்க, பேசிக்கினு, சாப்ட்டுக்கினு இருக்காங்கன்னு நெனச்சப்ப மனசு ஆறிப்போச்சு. அவங்க தனியா இல்ல பாருங்க. அந்த மனுசன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா? தெரிஞ்சா நான் கேட்டதாச் சொல்லுங்க."

கீழே அப்போது ஆட்கள் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கம்பிகளைப் பற்றியும் தெரியும். இரண்டில் எதைச் சொன்னாலும் அவள் கையிலிருந்து எதையோ பிடுங்குவதாக இருந்திருக்கும்.

"சொல்றேம்மா" என்றேன்.

போச்சம்பள்ளி பஸ் வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த கிழவியின் மூட்டையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவளோடு தெலுங்கில் ஏதோ பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.